மேன்மேலும் தாம்பூலத் திட்டம்

தெய்வசிகாமணி வந்து தாம்பூலம் வைத்துவிட்டால் போகாமல் இருக்க முடியாது என்று மணலூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. உண்டு என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். இருந்தது. அது எப்படி இல்லாமல் போனது என்பதுதான் கதை. சிரிக்க நினைப்பவர்கள் முன்பாதியிலேயே சிரித்துக்கொள்வது நல்லது.

அவருக்குப் பெண்ணையாற்றுப் பக்கம் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. மற்றபடி அவர் சேர்த்து வைத்திருந்த சொத்து மரியாதைதான். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அழைப்பு வைக்க அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். எந்தப் பங்காளியை முதலில் அழைக்க வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி வீடுகளில் எந்த வாசலில் முதலில் ஏற வேண்டும், சம்பந்தி வீட்டில் உட்காரச் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அழைத்த மனிதனின் முகம் வாடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இந்த ஒரு கொள்கைதான் அவரைக் கவிழ்த்தது.

அவருக்கும் தங்கமணிக்கும் ஒரே பெண், தேவிப்ரியா. கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பாவைவிட ஒரு படி மேல் தாய்மாமன் செல்லமுத்து. சங்கராபுரம் பக்கத்தில் மஞ்சள் போடுகிறவர். நம் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணின் நெற்றியில் முதலில் பட்டம் கட்டுவது தாய்மாமன். பட்டம் என்றால் பெரும்பாலும் தகட்டில் செய்து நூலில் கோத்ததுதான். செல்லமுத்து மட்டும், அக்கா மகள் வயசுக்கு வந்த மறுவாரமே ஆசாரியிடம் சொல்லி அசல் தங்கத்தில் ஒன்று செய்து பீரோவில் வைத்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். பெண்ணுக்கு மாப்பிள்ளை இன்னும் பார்க்கவில்லை.

அந்த மார்கழியில் ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. இடம் ஒதுக்கினால் மகளுக்கு ஒரு குரூப் ஃபோர் வேலையாவது கிடைக்கும் என்று தெய்வசிகாமணியும் மறியலுக்குப் போனார். நம் நாட்டில் மறியல் செய்தவர்களைப் போலீஸ் உடனே சிறையில் அடைப்பதில்லை, கல்யாண மண்டபத்தில் அடைக்கும். காலையில் கைது, மத்தியானம் சாம்பார் சாதம், சாயங்காலம் விடுதலை. அன்றும் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களை இறக்கி வெளியே கதவைச் சாத்தினார்கள்.

அதில் பிரவீன்குமாரும் இருந்தார். ஆள் சேர்த்துச் சரக்கு விற்கும் மேன்மேலும் வாழ்வியல் நிறுவனத்தில் ஸ்டார் டயமண்ட் என்ற பதவியில் இருந்தவர். மறியலில் நின்ற பஸ்ஸிலிருந்து, வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்க இறங்கியவர். கோட்டும் டையுமாக இருந்ததால் இவர்தான் தலைவர் என்று போலீஸ் முதல் ஆளாக வேனில் ஏற்றிவிட்டது. மண்டபத்துக்குள் வந்ததும் அவர் கண்ணில் மூன்று விஷயங்கள் பட்டன. முந்தின நாள் பிறந்தநாள் விழாவுக்குக் கட்டிய மைக் அவிழ்க்கப்படாமல் இருந்தது. நாற்காலி நிறைய ஆள் இருந்தது. சாயங்காலம் வரை ஒருவரும் வெளியே போக முடியாது. கதவுக்குப் போலீஸ் காவல் நிற்கும் ஒரு மீட்டிங் அவருடைய தொழில் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. கண் கலங்கிவிட்டது என்று பிறகு அவரே சொன்னார்.

"குட் மார்னிங்!" என்றார் மைக்கில். மணி மூன்று.

"எங்க கம்பெனியில எப்பவுமே குட் மார்னிங்தான் சார். எங்களுக்கு விடிஞ்சிக்கிட்டே இருக்கும். முழுசா விடியறதே இல்ல" என்று ஆரம்பித்தார். "நீங்கள்லாம் எதுக்கு ரோட்ல உக்காந்தீங்க? மேல வரணும்னுதானே? எங்க கம்பெனியில ஒதுக்கீடே கிடையாது சார். ஏன்னா எல்லாருக்குமே மேல எடம் இருக்கு!"

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "எல்லாரும் மேல பூட்டா கீழ யாருங்க இருப்பாங்க?"

"அருமையான கேள்வி. நீங்க கூட்டிட்டு வர்றவங்க."

கேட்டவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிரவீன்குமார் குரலைத் தாழ்த்தினார். "கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிடுச்சு. கலெக்டர் வந்துட்டாரு, எஸ்.பி. வந்துட்டாரு. ஒரு டயமண்ட் வந்தாரா? விழுப்புரத்துக்கு நாலு டயமண்ட் சார். பிரிச்சு வாங்கி என்ன பிரயோஜனம்? நம்ம மாவட்டத்தோட முதல் டயமண்ட் இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கார். துணிச்சல் இருக்கிற ஒருத்தர் மேல வாங்க."

ஒருவரும் அசையவில்லை. பிரவீன்குமார் கையை நீட்டியபடியே நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று. முகம் வாட ஆரம்பித்தது. மைக் பிடித்து அழைக்கிற ஒரு மனிதன், அதுவும் மணவறைக்குப் பக்கத்தில் நின்று அழைக்கிறவன், இப்படி அந்தரத்தில் நிற்பதைத் தெய்வசிகாமணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கம்பெனியில் அவர் சேர்ந்த கதை இவ்வளவுதான். பேராசையில் விழுந்தார் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். ஆசைப்பட்டிருந்தாலாவது மனிதர் கணக்குப் பார்த்திருப்பார்.

விடுதலையாகி வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பெட்டி. உள்ளே 'மேன்மேலும் கல்பரசம்', கல்வராயன் மலைக் கடுக்காயிலிருந்து எடுத்ததாக ஒட்டியிருந்தது.

"இன்னா இது, போராட்டத்துல குடுத்தாங்களா?" என்றாள் தங்கமணி.

"நம்ம பிசினஸு."

தங்கமணி ஒரு மூடி ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். பிறகு மீதியைப் பித்தளைக் குடத்தில் ஊற்றித் தேய்த்தாள். குடம் பளபளவென்று ஆயிற்று. அந்தப் பானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தி இதுதான்.

அடுத்த வாரம் பிரவீன்குமார் வீட்டுக்கே வந்து தொழில் கற்றுக்கொடுத்தார். சொந்தக்காரர்களை மீட்டிங்குக்கு அழைக்க வேண்டும். ஆனால் எதற்கு என்று சொல்லக் கூடாது.

"அது எப்டிங்க? எதுக்குன்னு சொல்லாம ஒருத்தர வான்னு கூப்புட்டா செருப்பால அடிச்ச மாதிரி ஆவாதா?"

"சொன்னா வரமாட்டாங்க சார். ஒரு விசேஷம்னு மட்டும் சொல்லுங்க."

"விசேஷம்னா வெறுங்கையோட சொல்ல முடியாதே. வெத்தல பாக்கு வைக்கணுமே."

"வைங்க சார்!" என்றார் பிரவீன்குமார். பின்னாளில் கள்ளக்குறிச்சி மாவட்டம் முழுவதையும் நாசமாக்கிய திட்டம் இவ்வளவு சாதாரணமாகத்தான் பிறந்தது.

தட்டும் வெற்றிலையும் வாங்க மணலூர்பேட்டையில் பஷீர் அகமது கடைக்குப் போனார். பூஜைச் சாமான், கல்யாணச் சாமான் எல்லாம் அங்கேதான். "இன்னா சிகாமணி அண்ணே, பாப்பாக்கு முடிஞ்சிடுச்சா? சொல்லவே இல்ல?" என்றார் பஷீர்.

"ஒரு விசேஷம் பாய்" என்றார் தெய்வசிகாமணி. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் கண் கூரையைப் பார்த்தது. வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு பாய் சந்தோஷமாக இரண்டு கவுளி வெற்றிலை கூடுதலாக வைத்தார்.

தை மாதம் சங்கராபுரத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள். அழைத்தவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். பெண்கள் பட்டுப்புடவையில் வந்தார்கள். செல்லமுத்து பத்துத் தட்டு வரிசையோடு, பம்பை அடித்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு இறங்கினார். சட்டைப்பையில் தங்கப்பட்டம். அக்கா புருஷன் ரகசியமாக நிச்சயம் வைத்துவிட்டாரே என்று வருத்தம் இருந்தாலும், நல்ல காரியத்தில் அதை முகத்தில் காட்டக் கூடாது என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

உள்ளே மணவறை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி தொங்கியது.

"மாமா, பொண்ணு எங்க?"

"குந்து மச்சான். சொல்லுவாங்க."

"மாப்ள வூட்டாரு?"

பிரவீன்குமார் மேடையேறி "குட் மார்னிங்!" என்றார். விளக்கை அணைத்தார்கள். துணியில் ஒரு வட்டம் வந்தது. அதிலிருந்து இரண்டு வட்டம், அதிலிருந்து நாலு. ஒவ்வொரு வட்டத்துக்கும் கைதட்டச் சொன்னார்கள். வரிசைத் தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் செல்லமுத்து வீட்டுப் பெண்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஒரு கையால் தொடையில் தட்டினார்கள். எழுந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தாம்பூலம் வாங்கிவிட்டு, விசேஷத்துக்கு வந்துவிட்டு, சாப்பிடாமல் எப்படிப் போவது? பந்தியோ வட்டங்கள் முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருவழியாக வட்டங்கள் தீர்ந்தன, பந்தியும் முடிந்தது. சேருகிறவர்கள் வலது பக்க மேஜைக்கு வரலாம் என்றார்கள். அப்போதுதான் மேன்மேலும் நிறுவனத்தின் சரித்திரத்தில் நடக்காதது நடந்தது. வந்த அத்தனை பேரும் எழுந்து மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு ஆள் தப்பவில்லை. பிரவீன்குமாருக்குக் கையும் காலும் ஓடவில்லை. கம்பெனித் தலைமைக்குப் போன் போட்டு அழுதார்.

விஷயம் வேறொன்றுமில்லை. சாப்பாடு நடக்கும் மண்டபத்தில், ஓர் ஓரமாக மேஜை போட்டு, ஒருவர் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பேர், ஊர் கேட்டால் நம் ஆட்களுக்கு அது ஒன்றே ஒன்றுதான். மொய். சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் போவது ஈனம். என்ன விசேஷம் என்று புரியாவிட்டாலும், தெய்வசிகாமணிக்கு என்னவோ முடை, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, கேட்ட தொகையைச் செய்தார்கள். நாளைக்கு நம் வீட்டில் விசேஷம் வந்தால் திருப்பிச் செய்யப் போகிறார். ஆளுக்கொரு பெட்டி கொடுத்ததைத் தாம்பூலப் பை என்று வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டியோடு திரும்பிய செல்லமுத்து அக்கா புருஷனிடம் வந்து நின்றார். "மாமா, அந்த கோட்டு போட்ட பையன் சொல்றான், என்ன உன் எடது காலுல போட்டுட்டாங்களாம். இன்னாது அது?"

"கம்பெனி பாஷை மச்சான். மரம் மாதிரி வரையறாங்க இல்ல, அதுல எனக்கு எடது பக்கம்."

"பக்கம்னு சொல்லலாமே. கால்னு இன்னாத்துக்கு சொல்லணும்?" என்றார் செல்லமுத்து. பட்டத்தை வெளியே எடுக்காமலே வண்டி ஏறினார்.

மாசி மாதம் கல்வராயன் மலையில் தலைவர்கள் முகாம். கரியாலூரில் மூடுபனி இறங்கிய ஒரு மைதானத்தில், மரவள்ளிக் காட்டை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். தெய்வசிகாமணிக்கு வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டி, கழுத்தில் ரிப்பனில் 'வெள்ளித் தகுதி' என்று எழுதிய ஒரு தட்டைத் தொங்கவிட்டு, மேடையில் உட்கார வைத்தார்கள். கம்பெனியின் கிரவுன் அம்பாசிடர் அரங்கநாதன் சேலத்திலிருந்து வெள்ளைக் காரில் வந்திருந்தார். அவர் வரும்போது எழுந்து, அவர் உட்கார்ந்த பிறகும் கைதட்டி, அவர் கையமர்த்திய பிறகும் தட்டினால்தான் பாசிட்டிவ் என்று சொல்லியிருந்தார்கள். கீழே மறியல் நடந்ததால் பாதிப் பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி மலைப்பாதையில் நடந்து வந்தவர்கள். தட்டத் தெம்பில்லாமல் தட்டினார்கள்.

அரங்கநாதன் பேசினார்.

"நம்ம தொழிலப் பத்தி ஊருக்குள்ள நெறைய தப்பான எண்ணங்கள் இருக்கு. அதையெல்லாம் ஒடைக்காம நான் மலையவிட்டு எறங்கப் போறதில்ல. இது ஏமாத்து வேலைங்கறாங்க. ஏமாத்தறவன் ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போவான். நாங்க அப்படியா? மீட்டிங் போட்டு, கைதட்டி, சொல்லிட்டுத்தான் போவோம். விழுப்புரத்துல கேட்டுப் பாருங்க!"

கைதட்டல்.

"மேல இருக்கறவன் மட்டும்தான் சம்பாதிக்கறாங்கறாங்க. தப்பு. எனக்கு மேலயும் ஒருத்தர் இருக்கார். அவருக்கு மேல ஒருத்தர். நான் பாத்ததே இல்ல. சேந்தவன்ல முக்காவாசிப் பேரு தோத்துட்டாங்கறாங்க. சுத்தப் பொய். எவன் தோத்தாலும் அன்னைக்கே அவன் பேர எடுத்துடறோம். இன்னைய தேதியில நம்ம கம்பெனியில தோத்தவன் ஒருத்தன் கெடையாது! சரக்க யாரும் வாங்கறதில்லங்கறாங்க. இந்தப் பந்தல்ல வாங்காதவன் ஒருத்தன் கை தூக்கு பாக்கலாம்!"

ஒருவரும் தூக்கவில்லை. வாங்காதவர்களை உள்ளே விடவில்லை.

அரங்கநாதன் குரல் தழுதழுத்தது. "இதுல ரொம்ப மோசமான எண்ணம் ஒண்ணு இருக்கு. சொந்தபந்தம் போயிடும்ங்கறாங்க. எங்க போயிடும்? எல்லாரும் கண்ண மூடுங்க. ஒங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரையா நெனைச்சுப் பாருங்க. எல்லாரும் ஒங்களுக்குக் கீழதானே இருக்காங்க?"

தெய்வசிகாமணியும் கண்ணை மூடினார். பெரியப்பா மகன்கள், அத்தை வீட்டார், செல்லமுத்து எல்லாரும் அவர் காலுக்குக் கீழே கைகட்டி நிற்பதாகத் தெரிந்தது. நல்ல குளிரிலும் அவருக்கு வேர்த்துவிட்டது.

பிறகு அவரை மைக் முன்னால் நிறுத்தி, அழைத்தவர் அத்தனை பேரையும் சேர்த்த ரகசியத்தைச் சொல்லச் சொன்னார்கள். "வெத்தல பாக்கு வச்சேன்" என்றார். வேறெதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பந்தலே எழுந்து ஆரவாரம் செய்தது. அந்த இடத்திலேயே அரங்கநாதன் 'மேன்மேலும் தாம்பூலத் திட்டம்' என்று அறிவித்தார். மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களும் இனி இப்படித்தான் அழைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். குங்குமம் தவறாமல் இருக்க வேண்டும் என்றார்.

பங்குனி பிறப்பதற்குள் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கமெல்லாம் தட்டும் கையுமாகக் கோட்டுகள் அலைந்தன. பஷீர் கடையில் வெற்றிலை காலையிலேயே தீர்ந்தது. அப்புறம் சட்டென்று ஒருநாள் வியாபாரம் நின்றது. தட்டோடு யாராவது தெருவில் நுழைந்தால் வீடுகள் தாழ் போட்டுக்கொண்டன. ஒரு ஊரில் அசல் கல்யாணத்துக்கு அசல் அழைப்பு வைக்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனாரை நாயை விட்டுத் துரத்தினார்கள். அடுத்த கட்டப் போராட்டத்துக்கு வீடு வீடாக அழைக்கப் போனவர்களிடம், "ஒதுக்கீடா, ஜூஸா? அத்த மொதல்ல சொல்லு" என்று கேட்டார்கள். இருசப்பன் என்ற பெரியவர் செத்துப்போனதைச் சொல்ல மகன் போன் போட்டபோது, பங்காளி ஒருவர் "எந்த மண்டபம்?" என்றார். பிணத்தைத் தூக்க ஆள் பற்றாமல் கரும்பு வெட்ட வந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"என்னா அண்ணே பண்ணி வச்சீங்க?" என்றார் பஷீர், வாடிய வெற்றிலையைக் கழித்தபடி. "எங்க வூட்டு நிக்காஹ்வுக்கு ஆள் வர மாட்றாங்க அண்ணே. நாங்க வெத்தலயே வைக்கறதில்ல. ஆனாலும் சந்தேகப்படறாங்க."

இதற்குள் மொய் செய்தவர்கள் வீட்டு விசேஷங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொருவரும் தெய்வசிகாமணி திருப்பிச் செய்வார் என்று பார்த்தார்கள். அவரிடம் இருந்ததெல்லாம் பெட்டிகள். வெள்ளித் தகுதி போகாமல் இருக்க மாதாமாதம் பெட்டி எடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கரும்புப் பணம் அப்படித்தான் போனது. செல்லமுத்து மகனுக்குக் காதுகுத்து வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு கல்பரசம் நாலு பாட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார் தெய்வசிகாமணி.

செல்லமுத்து தட்டைப் பார்த்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"மாமா, அன்னிக்கு நான் பட்டத்த எட்த்துக்கினு வந்தேன். பம்ப வச்சிக்கினு வந்தேன். என் பொண்டாட்டி மடியில வரிசத் தட்ட வச்சிக்கினு கை தட்னா. அத்தக்கூட நான் யார்கிட்டயும் சொல்லல. நீ கஷ்டத்துல கீற, அதான் இப்டி பண்ட்டேன்னு நெனச்சிக்கினேன்." அவர் தட்டிலிருந்த பாட்டில்களைக் காட்டினார். "வெறும் வெத்தல மட்டும் வச்சிக் குடுத்திருந்தா நான் வாங்கியிருப்பேன் மாமா. இந்த பாட்டில எட்த்துக்கினு போ. இனிமே என் வூட்டு வாசல்ல தட்டு எட்த்துக்கினு வராதே."

பாட்டிலை மட்டும் எடுத்துவிட்டு வெற்றிலையை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தெய்வசிகாமணி யோசித்தார். அப்படி ஒரு முறை கிடையாது. தட்டோடு திரும்பினார்.

கம்பெனி சொன்னபடியே செய்தது. ஒரு மீட்டிங் போட்டு, கைதட்டி, கள்ளக்குறிச்சியில் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போனது. தெய்வசிகாமணி தோற்றவர் ஆகிவிட்டதால் அவர் பேரை எடுத்துவிட்டார்கள்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு, ஆவணியில், தேவிப்ரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. திருவண்ணாமலைப் பக்கம். பையன் அஜித்குமார், பாலிடெக்னிக் படித்துவிட்டு ஓசூரில் வேலை. தகப்பனார் வேடியப்பன் தங்கமான மனிதர், பேச்சுக்குப் பேச்சு "ஆவட்டுங்க, ஆவட்டுங்க" என்பவர். அவர்கள் மாவட்டத்துக்குக் கல்பரசம் இன்னும் போய்ச் சேரவில்லை.

தெய்வசிகாமணி மறுபடி தட்டை எடுத்தார். இந்த முறை பத்திரிகை இருந்தது, பெண் பேர் இருந்தது, மாப்பிள்ளை பேர் இருந்தது. எந்த வாசலில் முதலில் ஏற வேண்டும் என்ற கவலை இருக்கவில்லை. எந்த வாசலும் திறக்கவில்லை. திறந்த இரண்டொரு வீட்டிலும் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அச்சடிக்கறது இன்னா பெரிய விசயமா?" என்றார்கள். பெரியப்பா மகன் மட்டும் மரியாதையாகக் கேட்டார். "துணி கட்டுவீங்களா தம்பி? கட்ட மாட்டேன்னு புள்ள மேல சத்தியம் பண்ணு." பண்ணினார். அவர் அப்படியும் தட்டை வாங்கவில்லை.

செல்லமுத்து வீட்டுக்குத் தங்கமணிதான் போனாள். தம்பியின் காலில் விழப் போனவளை அவர் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாக்கு நெசமாவே கல்யாணமாக்கா?"

"நெசமாதாண்டா. நீ வராம யாருடா அவளுக்கு பட்டம் கட்டுவா?"

செல்லமுத்து வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. தேவிப்ரியா தினமும் அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "மாமா வருவாருல்ல?"

கடைசியில் ஒரே ஒரு ஆள் தெய்வசிகாமணியின் தாம்பூலத்தை வாங்கினார். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பிரவீன்குமாரை எதிரே பார்த்துவிட்டார். பார்த்த மனிதனை அழைக்காமல் போவது எப்படி? தட்டை நீட்டினார். கோட்டு முழங்கையில் நைந்திருந்த பிரவீன்குமார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா எங்க வூட்டுக்கே என்ன யாரும் கூப்புடறதில்ல சார்" என்றார். மேடைத் தமிழ் எல்லாம் போய்விட்டது. "எங்க அக்கா கல்யாணத்த வாட்சப்ல பாத்துதான் தெரிஞ்சிக்கினேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "கூட்டத்தப் பத்திக் கவலப்படாதீங்க சார். மண்டபம் காலியா இருந்தா மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடி நல்லா இருக்காது. நான் டீமோட வரேன்."

வேண்டாம் என்று சொல்லத் தெய்வசிகாமணிக்கு நாக்கு வரை வந்தது. வருகிறேன் என்பவனை வராதே என்று அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. காலி நாற்காலிகளும் அவர் கண்முன் வந்து போயின. "ஆவட்டும்" என்றார்.

முகூர்த்தத்தன்று பெண் வீட்டுப் பக்கம் முன்வரிசை முழுக்கக் கோட்டுகள். பின்னால் பஷீர் அகமதுவும் அவர் மனைவி ஷர்புன்னிசாவும். வேறு ஒருவரும் இல்லை. வேடியப்பன் அந்தக் கோட்டுகளைப் பார்த்து, சம்பந்தி பக்கம் இவ்வளவு ஆபீசர்களா என்று வியந்துகொண்டிருந்தார்.

செல்லமுத்து வந்தார். வந்தார் என்பதைத்தான் நான் இன்றுவரை மறக்க முடியாமல் இருக்கிறேன். மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். உள்ளே மேளச் சத்தம் கேட்டது. கல்யாணம்தான் என்று நிச்சயமாகி ரோட்டைத் தாண்டி, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து மணப்பெண் மேடைக்கு வந்தாள். முன்வரிசை மொத்தமும் எழுந்து ஒரே சீராகக் கைதட்டியது. "குட் மார்னிங்!" என்று ஒரே குரலில் கத்தியது. அது அவர்களுக்குப் பழக்கம், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

செல்லமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார். வண்டி கிளம்பும் சத்தம் தங்கமணிக்குக் கேட்டது. வாசலுக்கு ஓடினாள். ரோட்டில் புழுதிதான் இருந்தது.

"தாய்மாமன வரச் சொல்லுங்க, நேரமாவுது" என்றார் ஐயர். தேவிப்ரியா வாசலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார். வேடியப்பன் வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரவீன்குமார் எழுந்தார். "நான் கட்டறேன் சார். கம்பெனியில சேத்துவிட்ட அப்லைன்னா தாய்மாமன் மாதிரிதான்."

கடையில் வாங்கிய காகிதப் பட்டத்தை அவர் கட்டினார். ஈரமான நெற்றியில் அது சரியாக நிற்கவில்லை. தேவிப்ரியா அழுததைச் சந்தோஷக் கண்ணீர் என்று முன்வரிசை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை தட்டியது. தாலி ஏறியது.

தாலி ஏறிய கையோடு பிரவீன்குமார் பாட்டுக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கையில் மைக்கும் முன்னால் கூட்டமும் இருந்தால் அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"ஒரே ஒரு பத்து நிமிஷம் சார். மாப்ள வீட்டார் எல்லாம் நம்ம பக்கத்து மாவட்டம். ஒங்க மாவட்டத்துல இன்னும் ஒரு டயமண்ட் கூட இல்ல. மேல வரணும்னு நெனைக்கற ஒருத்தர், ஒரே ஒருத்தர், துணிஞ்சு மேடைக்கு வாங்க."

ஒருவரும் அசையவில்லை. பிரவீன்குமார் கையை நீட்டியபடியே நின்றார். முகம் வாட ஆரம்பித்தது.

தெய்வசிகாமணி சம்பந்தியின் பக்கம் திரும்பினார். வேடியப்பன் நெளிந்துகொண்டிருந்தார். அழைத்த மனிதன் அந்தரத்தில் நிற்பதை அவராலும் பார்க்க முடியவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

உட்காருங்க சம்பந்தி என்று கத்த வேண்டும் போலிருந்தது தெய்வசிகாமணிக்கு. தொண்டை வரை வந்தும்விட்டது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன், அதுவும் தாலி ஏறிய கையோடு, நாலு பேர் முன்னால் சம்பந்தியை உட்கார் என்று சொல்வதா? அப்படி ஒரு மரியாதைக் குறைவை அவர் செய்ததே இல்லை.

"ஆவட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே வேடியப்பன் எழுந்தார்.